ஐந்தாவது தண்ணீர்

துணி துவைக்கும் மெஷினில் கசப்பிலையைப் போட்டுக் கழுவிய ஆள் ஒனிட்சா நகரத்தில் வேறு யாரேனும் உண்டா, தெரியாது. இருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபெக்கே பகுதியில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அசுகா செய்தது மட்டும் ஊருக்கே தெரியும். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மெஷின் அவருடையது இல்லை. இன்னொன்று, பக்கத்து வீட்டில் ரெட்டையம்மா இருந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். காலையில் அவள் கண்ணில் பட்ட விஷயம் சாயங்காலத்துக்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும்.

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும்.

அவர் மனைவி ஒபியாகெலிக்கு மார்பில் கட்டி. ஆறு ஊசியில் நான்கு முடிந்திருந்தது. ஊசி என்றால் சுருக்கென்று குத்திவிட்டு அனுப்புகிற ஊசி இல்லை, பாட்டிலைத் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் ஏற்றுவது. நாலாவது ஊசியோடு அவள் வாய் செத்துப்போயிற்று. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கிறது என்றாள். சோறு துரு, வாழைக்காய் துரு, கோழிக்கால் துரு. பச்சைத் தண்ணீர்கூடத் துரு. இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போகாது, போனதும் நிற்காது. வியாழக்கிழமை எடை பார்த்த டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நாப்பத்தெட்டரை கிலோ. இந்த உடம்புல அடுத்த ஊசியப் போட்டா தாங்காதும்மா. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. ஊசி போடற செவ்வாய்க்கிழமை அம்பது கிலோவாவது நிக்கணும். இல்லேன்னா தள்ளித்தான் வைக்கணும்."

"தள்ளி வச்சா?" என்றார் அசுகா.

"கட்டி நமக்காகக் காத்திருக்காதுங்க. எது உள்ள இறங்குதோ அதக் குடுங்க. அது இதுன்னு பாக்காதீங்க."

ஒபியாகெலி என்றால் உட்கார்ந்து அனுபவிக்க வந்தவள் என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் வாழ்ந்தவள் அவள். கல்யாண வீட்டில் இரண்டாவது தட்டைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்குவாள். தான் சமைத்ததைத் தானே புகழ்ந்துகொண்டு சாப்பிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தோடு சாப்பிட்டுப் பழகிய அசுகாவுக்கு, இந்த மூன்று வாரம் வீட்டில் கரண்டிச் சத்தமே கேட்காதது பழகவேயில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாகச் சாய்ந்திருந்தவள், தூக்கத்தில் பேசுவது போலச் சொன்னாள்: "கசப்பிலைக் குழம்புன்னா ஒரு வாய் இறங்குமோ என்னமோ."

அது போதாதா அவருக்கு?

ஆனால் கசப்பிலைக் குழம்பு என்ன, வெந்நீரா, நினைத்ததும் வைத்துவிட? ஆடு மாடு வாய் வைக்கக் கூடாதென்று அந்தச் செடி தன் இலை முழுக்கக் கசப்பை நிரப்பி வைத்திருக்கிறது. மனிதனுக்கு மட்டும் அது உடம்புக்கு நல்லதாம். நல்லது எதற்கு இப்படி நாக்கைக் கொல்ல வேண்டுமோ, அது கடவுளுக்கே வெளிச்சம். இலையை உப்புப் போட்டுக் கையால் கசக்க வேண்டும். கசக்கக் கசக்கப் பச்சையாக நுரை வரும். நுரையோடு கசப்பும் வெளியேறும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கசக்க வேண்டும். எத்தனை தண்ணீர் என்பதுதான் ஒவ்வொரு வீட்டின் சண்டையும். ரெட்டையம்மா கசப்பே தெரியாமல் அலசி எடுப்பவள். ஒபியாகெலி ஒரு துளிக் கசப்பை விட்டுவைப்பவள். "ரெட்டையம்மா வைக்கிறது புல்லுக் குழம்பு" என்று ஒரு ஞானஸ்நான விருந்தில் இவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்கு அவள், "சோம்டோ அம்மா குழம்பு வைக்கிறதில்ல, மருந்து காச்சுறா" என்று திருப்பிக் கொடுத்தாள். சோம்டோ என்பது அசுகாவின் மகள், லாகோஸில் படிக்கிறாள். இந்தச் சண்டைக்கு வயது பதினொன்று. நோய் வந்த பிறகும், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால் ஒபியாகெலி தொடமாட்டாள். சந்தையில் கழுவி உருண்டை பிடித்து விற்கிற இலையையும் தொடமாட்டாள். அவளே கழுவலாமென்றால் ஊசி மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. ஒரு பட்டனைக்கூடப் போட முடியவில்லை.

ஆக, மிஞ்சியது அசுகாதான். கசப்பிலை கழுவும் ஆண்பிள்ளையை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் கொல்லை வேலியோரம் ஒபியாகெலி நட்ட செடியிலிருந்து இலையைப் பறித்துக்கொண்டு, கையைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு கடையில் நின்ற மெஷினைப் பார்த்தார். கசக்க வேண்டும், அலச வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும். இதைச் செய்வதற்கென்றே ஒருவன் ஒரு சாமானைக் கண்டுபிடித்து வைத்திருக்கும்போது நாம் ஏன் கையை ஒடித்துக்கொள்ள வேண்டும்? முந்தின நாள்தான் சரிசெய்து முடித்த மெஷின் அது, கோயில் பாடகர் குழுவின் தலைவி ஜசிந்தா அம்மாளுடையது. இலையை ஒரு தலையணை உறையில் போட்டு முடிச்சுப் போட்டு, உள்ளே தள்ளி, ஜெனரேட்டரைக் கிளப்பிச் சுவிட்சைப் போட்டார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பச்சை நுரை எழும்பியது. அசுகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் தண்ணீர் வெளியேறியது, இரண்டாவதிலும் நுரை. மூன்றாவதிலும் நுரை. அட, இந்த இலையில் இத்தனை கசப்பா, நல்லவேளை கையால் கசக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நான்காவதிலும் நுரை குறையவில்லை. கூடவே மல்லிகைப் பூவா ரோஜாவா என்று தெரியாத ஒரு வாசனையும் வந்தது.

ரெட்டையம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, காலங்காத்தால கடையில ஒரே வாசம்? கல்யாணமா?"

"உங்க வேலயப் பாருங்க. இலை கழுவுறேன்."

"எதுல?"

சொன்னார். அவ்வளவுதான், சுவரைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள். உறையைப் பிரித்து ஓர் இலையை வாயில் போட்டவள் தூவென்று துப்பினாள்.

"ஐயோ சாமி! இது சோப்பு! மெஷின் டப்பாவுல ஏற்கெனவே கெடந்த சோப்பும் வாசனத் தண்ணியும் கலந்து நொரை பொங்கியிருக்கு. கசப்புதான் போகுதுன்னு நீங்க பாட்டுக்குச் சுத்த விட்டுட்டு நிக்கிறீங்க! இதச் சாப்பிட்டா சோம்டோ அம்மா வாயத் தொறந்தாலே குமிழிதான் பறக்கும்!"

அந்த நேரம் பார்த்துத்தானா ஜசிந்தா அம்மாள் மெஷினை எடுத்துப்போக வர வேண்டும்! பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி, அங்கேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமென்று கையோடு கொண்டு வந்திருந்தாள். மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே குளம் மாதிரி பச்சை.

"அசுகா, என் மெஷின்ல எந்த ஆட்டக் குளிப்பாட்டுன?"

இதையெல்லாம் ரெட்டையம்மா உள்ளே போய் நடித்துக் காட்டினாள். கட்டிலில் கிடந்த ஒபியாகெலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. வாசலில் நின்று கேட்ட அசுகாவுக்கு, மானம் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. ஆனால் சிரிப்பு எடை ஏற்றாதே. அன்றைக்கும் அவள் மூன்று கரண்டி கஞ்சிதான் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அசுகா சட்டையைக் கழற்றிவிட்டுப் பெரிய பாத்திரத்தோடு கொல்லையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கைதான், உப்புதான். ஸ்பானர் பிடித்த கை, கசக்குவதற்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் எப்போது நிறுத்துவது? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வீட்டில் கசப்பிலையைப் பற்றித் தெரிந்த நாக்கு ஒன்றுதானே இருக்கிறது, அதையே கேட்டுவிடலாம். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஓர் இலையை எடுத்துப்போய் ஒபியாகெலியின் வாயில் வைத்தார்.

நாலாவது தண்ணீர். "இன்னும் கசக்குது."

ஆறாவது. "ம்ஹூம். கசக்குது."

எட்டாவதில் அவர் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. "கசக்குதுங்க. நல்லாத்தான் கசக்குறீங்களா, இல்ல இலையத் தடவிக் குடுக்கறீங்களா?"

ஒன்பதாவது தண்ணீரைக் கொட்டும்போது நுரையே இல்லை, பச்சையும் இல்லை. இலை நாராகத் தொங்கியது. சுவருக்கு மேலே இருந்த தலைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணக் குடுங்க இப்படி." மென்று பார்த்தாள் ரெட்டையம்மா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "இதுல என்ன இருக்கு? வைக்கோலு. புல்லுக் குழம்பு வைக்கிற எனக்கே இது வேணாம்."

"அவ இன்னும் கசக்குதுங்கறாளே."

ரெட்டையம்மா அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் சேதி சொல்கிறவள், இதை மட்டும் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

அசுகா உள்ளே போனார். "ஒபி, ரெட்டையம்மா தின்னு பாத்தா. துளிக்கூடக் கசப்பு இல்லையாம்."

அவள் வாயிலிருந்த இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கசப்பு இலையில இல்ல. என் வாய்லதான் இருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல..."

"எத்தன தண்ணி ஊத்தி அலசுவீங்க அத?" சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "விட்டுடுங்க சோம்டோ அப்பா. குழம்பையும் விடுங்க, செவ்வாய்க்கிழமையையும் விடுங்க. என்னால முடியல."

பயமென்றால் என்னவென்று அசுகாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் கட்டி என்றபோதுகூட அவருக்கு இப்படி இல்லை. சாப்பாடே வேண்டாமென்று ஒபியாகெலி சொல்லி அவர் கேட்டதில்லை. கடைக்குப் போய், கழற்றிப் போட்ட ஒரு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார். நாற்பத்தெட்டு வயது ஆள், அழுதார். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. செடியில் இலை தீர்ந்துவிட்டது, உச்சிக் கிளையில் மட்டும் ஒரு கைப்பிடி மிச்சம். ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பறித்தார். உப்பைப் போட்டுக் கசக்கத் தொடங்கினார். இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அவளுடைய நாக்கை இனிக் கேட்கக் கூடாது, பாவம், அதற்கே வழி தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய குழம்பை அவளைவிட அதிகம் சாப்பிட்டவர் யார்? இருபத்திரண்டு வருஷம், வாரத்துக்கு ஒரு தடவையாவது. குழம்பு எப்படி இருக்க வேண்டுமென்று இந்த நாக்குக்குத் தெரியாமலா போகும்? கழுவத் தெரியாது, சமைக்கத் தெரியாது, சரி. தின்னத் தெரியுமே!

முதல் தண்ணீரில் ஓர் இலையை மென்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாவதிலும் அதே கதி. மூன்றாவதில் முகம் சுளிக்காமல் மெல்ல முடிந்தது, ஆனால் இது வேறு யார் வீட்டுக் குழம்போ. நான்காவது கிட்டே வந்தது. ஐந்தாவது தண்ணீரில் ஓர் இலையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் இலையின் மணம். பிறகு நாக்கின் அடியில் லேசாகக் கசப்பு எழுந்து, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பிட்டுக் கைகழுவும்போது வாயில் மிச்சமிருக்குமே, அதேதான். அசுகா பாத்திரத்தை ஓரமாக வைத்தார்.

"இன்னும் ரெண்டு தண்ணி அலசுங்கண்ணே, கசக்கும்," என்றது சுவர்.

"கசக்கட்டும்."

"நோயாளிக்குக் கசப்பா குடுப்பாங்க?"

"ரெட்டையம்மா, இது எங்க வீட்டுக் குழம்பு."

எந்த நாளிலும் விட்டுக்கொடுத்துப் போகிற பெண்ணா அவள்? அன்றைக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த சேப்பங்கிழங்கைச் சுவர்மேல் வைத்தாள். "இடிச்சுப் பசையாக்கிக் கொதிக்கிற கறித் தண்ணியில உருண்டை உருண்டையாப் போடுங்க. செம்பனை எண்ணெயில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எண்ணெயும் கிழங்கும் சேந்து பிடிச்சாத்தான் மிச்சக் கசப்பு வாலச் சுருட்டிக்கிட்டு உக்காரும். கருவாடு எங்க? அதுவும் நாந்தான் குடுக்கணுமா?"

கருவாடும் அவளே கொடுத்தாள். கறி வெந்தது. கிழங்கு கரைந்து குழம்பு கெட்டிப்பட்டது. எண்ணெய் மேலே சிவப்பாக மிதந்தது. கடைசியில் இலையைப் போட்டுவிட்டு, நொதிக்கவைத்த விதைப் பசையான ஒகிரியை எடுத்தார். அதன் நாற்றம் ஊருக்கே பழக்கமானது, அது இல்லாமல் இந்தக் குழம்பு இல்லை. மூடியைத் திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒகிரிய அள்ளிக் கொட்டாதீங்க! சுண்டைக்கா அளவு போதும்!"

அசுகாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு வாசனை தெரிகிறது. மூன்று வாரமாக எது வெந்தாலும் ஜன்னலைத் திற என்றவள், அளவு சொல்கிறாள்.

மரவள்ளிக் களியையும் குழம்பையும் தட்டில் வைத்து, தண்ணீர்ச் செம்போடு கொண்டுபோய் அவள் மடியருகே வைத்தார். மரத்த விரலால் களியைக் கிள்ளத் தடுமாறினாள். அவரே கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, ஓர் இலை சேர்த்து வாயில் வைத்தார். விழுங்கினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ரெட்டையம்மாவும் நின்றாள்.

"கசக்குது," என்றாள் ஒபியாகெலி.

அசுகாவுக்கு உயிர் போய்விட்டது. தட்டை எடுக்கக் குனிந்தார். அவள் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க. இது துரு இல்ல. இது இலைக் கசப்பு. எனக்குத் தெரியாதா என் செடியோட கசப்பு?" இன்னொரு வாய் வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. பிறகு தொண்டையை நனைக்கச் செம்பைத் தூக்கி ஒரு மிடறு குடித்தவள் அப்படியே நிறுத்தினாள். செம்புக்குள் பார்த்தாள். மறுபடியும் குடித்தாள்.

"சோம்டோ அப்பா, இதுல சக்கர போட்டீங்களா?"

"இல்லியே. குழாத் தண்ணிதான்."

"இனிக்குது." அவள் கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. "தண்ணி இனிக்குதுங்க."

கசப்பிலை தின்ற வாய்க்குத் தண்ணீர் இனிக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மூன்று வாரம் துருவைக் குடித்த வாயில் அது மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவள் ஒரு வாய் குழம்பு, ஒரு மிடறு தண்ணீர் என்று தட்டைக் காலி செய்தாள். பாதியில் கரண்டியைக் கேட்டு வாங்கித் தானே சாப்பிட்டாள். கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. ரெட்டையம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "மருந்துதான் காச்சியிருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள்.

"உனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லவா?" என்றாள் ஒபியாகெலி. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ரெட்டையம்மா அந்த வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த ஏழு நாளும் அதே குழம்புதான். செடி மொட்டையாகிவிட்டதால் அசுகா சந்தையில் இலை வாங்கி, கொல்லையில் உட்கார்ந்து தானே கசக்கினார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களை அவர் சட்டை செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒபியாகெலி தன்னிடமிருந்ததிலேயே கனமான துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, பவள மாலையைப் போட்டுக்கொண்டாள். எடை மெஷின் முன்னால் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"அம்மா, அந்த மாலையக் கழட்டுங்க. செருப்பையும். தலையில கட்டியிருக்கறதையும்."

ஒவ்வொன்றாகக் கழற்றி அசுகாவின் கையில் கொடுத்தாள். அவர் பார்க்கப் பயந்து மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்பது," என்றாள் நர்ஸ். பிறகு குனிந்து பார்த்தாள். "அம்பதே கால்."

பாட்டில் தொங்கியது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. அசுகா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் மரத்த விரல்களைத் தன் கன்றிப்போன கைக்குள் வைத்துக்கொண்டார். இந்த ஊசிக்குப் பிறகு வாய் மறுபடியும் செத்துப்போகும் என்று இருவருக்கும் தெரியும்.

"இந்தத் தடவ வாய் இன்னும் மோசமா இருந்துச்சுன்னா, ஆறாவது தண்ணியும் ஊத்தி அலசட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒபியாகெலி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அஞ்சு. ஆறாவது ஊத்தினீங்கன்னா போய் ரெட்டையம்மா வீட்டுலயே சாப்பிட்டுக்கங்க."